பேசாத எழுத்துகளின் பூர்வோத்திரம்

(சென்னையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரிப் பக்கம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'பிளம்பர்' என்று ஸ்டிக்கர், கீழே செல்போன் நம்பர். லண்டன்காரர் வாயில் அவர் 'பிளம்மர்'. நடுவில் உள்ள 'பி' அங்கே எழுதுவதோடு சரி. பிள்ளை அதைச் சேர்த்துப் படித்தால் உடனே குட்டாதீர்கள். அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

ஆங்கிலத்தில் பேசாத எழுத்துகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில ஒரு காலத்தில் நன்றாகவே பேசியவை. முழங்காலைக் குறிக்கும் 'நீ'க்கு முன்னால் 'கே' நிற்கிறதே, பழைய ஆங்கிலேயர் அதைச் சொன்னார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. நாக்கு தன் போக்கில் போய்விட்டது.

இன்னொரு ரகம்தான் எனக்கு எரிச்சல். கடனுக்கு 'டெட்' என்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி'யே கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலம் 'டெபிட்டம்' ஆயிற்றே என்று ஒரு 'பி'யைச் செருகினார்கள். சந்தேகத்துக்குரிய 'டவுட்'டிலும் அதே கைவரிசை. தீவுக்கான 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீனுக்கும் அதற்கும் உறவே இல்லை. பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற வேறு சொல்லோடு குழப்பிக்கொண்டு 'எஸ்'ஸை ஒட்டவைத்தார்கள்!

ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஒரு வாத்தியார் வருவார். 'டெட்'டில் 'பி'யை உச்சரிக்காதவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாம் உச்சரித்தவனைக் குட்டுகிறோம்.

எல்லாமே வீண் என்றும் சொல்லமாட்டேன். 'சைன்' என்னும்போது வாய் திறக்காத 'ஜி', 'சிக்னேச்சர்' என்றதும் பேசிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் அடிக்கடி என்பதற்கான இந்த 'ஆஃபன்'. அதிலுள்ள 'டி' பேச்சிலிருந்து விழுந்துபோன எழுத்து. ஆங்கிலம் தாய்மொழியான பலரே எழுத்தைப் பார்த்துப் படித்துப் படித்து அதை மறுபடி பேச வைத்துவிட்டார்கள். இன்றைய அகராதிகள் இரண்டு உச்சரிப்பையும் போடுகின்றன. ஆகவே பிள்ளை 'ஆஃப்டன்' என்றால் விட்டுவிடுங்கள். 'டெட்'டை மட்டும் திருத்துங்கள், அதுவும் பண்டிதர்கள் கதையைச் சொல்லிவிட்டு.