பகதூரை எழுதியவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பகதூர் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலருக்குக் காவி நிறக் குர்தாவும் ஜீன்ஸும் அணிந்த ஓர் இளைஞன் நினைவுக்கு வந்திருப்பான். 1970களின் கடைசியிலும் எண்பதுகளிலும் மும்பையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்தக் காமிக்ஸ் நாயகனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவனை எழுதியவர் யார் என்று கேட்டால்தான் மௌனம். ஆபித் சுர்த்தி என்பது அவர் பெயர். இந்தப் பெயரை இடையிடையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் வானொலியைத் திறப்பவர்களும் உண்டல்லவா!

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே மும்பையில், சயானிலும் மாதுங்காவிலும் நெடுங்காலம் சுற்று நூலகம் நடத்தியவன் நான். வார இதழ்களைப் பையில் நிரப்பிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, படித்ததை வாங்கிக்கொண்டு படிக்காததைக் கொடுத்துவிட்டு வரும் தொழில். பெரியவர்களுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள், பிள்ளைகளுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இந்திரஜால் காமிக்ஸ். பையில் இருந்தவற்றில் மிக மெல்லியது அதுதான், மிக அதிகமாகக் கிழிந்து திரும்பியதும் அதுதான். கதவைத் திறந்ததும் பிள்ளைகள், "மாமா, பகதூர் வந்திருக்கிறானா?" என்று கேட்பார்கள். ஏதோ ஊரிலிருந்து ஆள் வரவேண்டியது போல! அதே வீட்டில் அம்மா, இந்த வாரத் தொடர்கதையை எழுதியவர் சரியாக எழுதவில்லை என்று பெயர் சொல்லிக் குறைப்படுவார். காமிக்ஸ் எழுதியவரைக் குறைசொல்லக்கூட ஒருவரும் இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் அது ஒன்றுதான்.

இந்திரஜால் காமிக்ஸ் 1964 மார்ச்சில் தொடங்கியது. விடி ஸ்டேஷனுக்கு, அதாவது இன்றைய சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு, எதிரே இருக்கிற டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம்தான் வெளியிட்டது. ஆரம்பத்தில் எல்லாம் ஃபேன்டம் என்ற முகமூடி வீரரின் கதைகள். இந்திப் பதிப்பில் அவர் பெயர் வேதாள். தமிழ்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அவரை மாயாவி என்பார்கள், இங்குள்ள பிள்ளைகள் வேதாள் என்பார்கள், மாடிப்படியில் சண்டை நடக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1911இல் பிறந்த லீ ஃபால்க் என்பவர் 1936இல் உருவாக்கிய நாயகன் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாந்திரீகர் மாண்ட்ரேக்கை உருவாக்கியிருந்தார் ஃபால்க். இரண்டு தொடர்களையும் 1999இல் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அன்றாடம் எழுதிய கை! அவரைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம். இன்று எனக்கு வேண்டியது ஃபேன்டம் கதையின் அடித்தளம் மட்டும்.

அது என்ன? கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தந்தை கொல்லப்படுகிறார். உயிர் தப்பிய மகன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிப்பதே என் வேலை, எனக்குப் பின் என் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று சபதம் செய்கிறான். அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் தொடங்குகிறான். நம் ஊர்க் காவல் தெய்வங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். அநியாயமாக ஓர் உயிர் போகும், அதன் பிறகு ஒரு காவல் பிறக்கும்.

இதே இந்திரஜாலில் 1976இல் பகதூர் வருகிறான். அவன் கதையிலும் தந்தை கொல்லப்படுகிறார். ஆனால் அந்தத் தந்தை ஒரு கொள்ளைக்காரர், பெயர் பைரவ் சிங். அவரைக் கொன்றவர் விஷால் என்ற போலீஸ் அதிகாரி. பழிவாங்கியே தீருவேன் என்று கொதிக்கிற மகன், கடைசியில் மனம் மாறுகிறான். தந்தையின் தொழிலையும் எடுத்துக்கொள்வதில்லை, தந்தைக்காகப் பழியும் வாங்குவதில்லை. கொள்ளையர்களை எதிர்த்து நிற்கிற பக்கத்துக்கு வந்துவிடுகிறான்.

இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அது நெருக்கடி நிலைக் காலம். இந்தித் திரையில் கோபக்கார இளைஞர்கள் அப்பாவுக்காகவும் அண்ணனுக்காகவும் பழிவாங்கிக்கொண்டிருந்தார்கள், தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன. பழிவாங்காத நாயகனை எந்த முதலாளி விலைகொடுத்து வாங்குவார்? ஆபித் சுர்த்தி அப்படி ஒருவனை எழுதினார். பக்கத்து அடுக்கில் மண்டையோட்டு மோதிரம் போட்ட ஃபேன்டம் தலைமுறை தலைமுறையாகத் தந்தையின் சபதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இவன் தந்தையிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாமல் நின்றான். என் பையில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டுதான் வந்தார்கள். படித்த பிள்ளைகள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள், துப்பாக்கியைத்தான் பார்த்திருப்பார்கள். பரவாயில்லை. கதை உள்ளே போய்விட்டது.

வட இந்தியாவின் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் என்றால் அன்று வெறும் கதை இல்லை. 1972 ஏப்ரலில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் அவர்கள் கூட்டமாகத் துப்பாக்கிகளைக் கீழே வைத்தது பத்திரிகைகளில் படங்களோடு வந்தது. வாசகர்கள் மனத்தில் அந்தப் படங்கள் இருந்தபோதுதான் பகதூர் வந்தான். அவன் ஊர் ஜெய்கர் கற்பனை, சூழல் கற்பனை இல்லை. அவனிடம் மந்திரம் இல்லை, பறக்கத் தெரியாது, முகமூடியும் கிடையாது. அவன் செய்தது, ஊர்க்காரர்களைச் சேர்த்துக் குடிமக்கள் பாதுகாப்புப் படை என்று ஒன்றை அமைத்ததுதான். போலீஸ் வந்துசேர நேரமாகும், அதுவரை ஊர் தானே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. தோழி பேலாவும் சண்டையில் அவனுக்குச் சமமாக நிற்பாள், காப்பாற்றச் சொல்லி அலறுகிற வேலை அவளுக்கு இல்லை. நூலகத்தில் பெண் குழந்தைகளும் இந்தக் காமிக்ஸைக் கேட்டு வாங்கியதற்கு அவள்தான் காரணம் என்பது என் ஊகம்.

படம் வரைந்தவர் கோவிந்த் பிரம்மானியா. மலையிடுக்குகளும் குதிரைகளும் அவர் கைவண்ணம். ஆனால் எந்தக் கட்டத்தில் யார் நிற்க வேண்டும், எங்கே வாயைத் திறக்க வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்வது எழுதுகிறவர். பேச்சுக் குமிழுக்குள் பத்து வார்த்தை அடங்கினால் பெரிய விஷயம். நாவலாசிரியர் ஒரு பக்கத்தில் சொல்வதை அந்தப் பத்து வார்த்தையில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்லிவிட்டால் வார்த்தை இருந்ததே தெரியாது, எல்லாரும் படத்தைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, யார் இந்த ஆபித் சுர்த்தி? 1935இல் குஜராத்தில் பிறந்தவர், வளர்ந்தது இங்கே மும்பையில், டோங்கிரியில். காமிக்ஸ் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம். துறைமுகத்திலிருந்து சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ரயில் மெதுவாக வரும். மிட்டாய் கிடைக்குமா என்று பிள்ளைகள் கூடவே ஓடுவார்கள். ஒருநாள் ஒரு சிப்பாய் காமிக்ஸ் புத்தகம் ஒன்றைத் தூக்கி எறிந்தார். எல்லாரும் பாய்ந்து இழுத்ததில் அது கிழிந்து, சிறுவன் ஆபித்தின் கையில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. அதில் இருந்தது மிக்கி மவுஸ். அதைப் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினார்.

முழுப் புத்தகம் கிடைத்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரு தாள் என்பதால் முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்பதைத் தானே இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. இது என் கற்பனை, அவர் சொன்னதல்ல. ஆனால் கிழிந்த காமிக்ஸோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பிறகு ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தார். விடி ஸ்டேஷன், ஜே.ஜே. கல்லூரி, டைம்ஸ் கட்டடம், டோங்கிரி எல்லாம் நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஒரு மனிதரின் பாதி வாழ்க்கையை ஒரு மாலை நடையில் பார்த்துவிடலாம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். காமிக்ஸ் பற்றிய உரையில் தண்ணீர் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், மும்பையில் எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீருக்குத்தான் வரும். சிறுவயதில் அவருடைய தாய் விடியற்காலையில் எழுந்து ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதையும், வரிசையில் சண்டை நடந்ததையும் ஆபித் சுர்த்தி சொல்லியிருக்கிறார். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்த நேயர்களுக்கு அதை நான் விளக்க வேண்டுமா? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் குடம் இடம் மாறியிருக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நண்பர் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் அவரைத் தொந்தரவு செய்தது. ஒரு வாஷரை மாற்றுவதற்காகப் பிளம்பர் வரமாட்டார் என்றார் நண்பர். உண்மைதானே? சின்ன வேலைக்கு வா என்றால் எந்தப் பிளம்பர் வருவார்? அந்தச் சமயத்தில் உத்தரப் பிரதேசத்தில் இந்தி இலக்கிய விருதாக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கிடைத்திருந்தது. அதை வைத்து 2007இல் டிராப் டெட் என்ற ஓர் அமைப்பைத் தொடங்கினார். அமைப்பு என்றால் அவர், ஒரு பிளம்பர், உடன் ஒரு பெண் தொண்டர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குடியிருப்பின் சொசைட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, வீடு வீடாக மணியடித்து ஒழுகும் குழாய்களை இலவசமாகச் சரிசெய்தார்கள். பெண் தொண்டர் ஏன் என்பது மணியடித்துப் பழகிய எனக்குச் சட்டென்று புரிந்தது. கதவைத் திறப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். முன்பின் தெரியாத இரண்டு ஆண்களைச் சமையலறை வரை யார் விடுவார்கள்?

முதல் ஆண்டில் 1,666 வீடுகள், 414 குழாய்கள், மிச்சமான தண்ணீர் 4.14 லட்சம் லிட்டர் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. அதாவது ஒரு குழாய்க்கு ஆயிரம் லிட்டர். நான் கொஞ்சம் கணக்குப் பைத்தியம். இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு, அது நாலேகால் லிட்டர் சுமார். மாதத்துக்கு 130 லிட்டர். ஆயிரம் வர ஏழெட்டு மாதம் ஆகும். ஆனால் நம் வீடுகளில் குழாய்கள் இவ்வளவு ஒழுக்கமாகவா சொட்டுகின்றன? நூல் போல ஓயாமல் ஒழுகுகிற குழாய் ஒன்றின் கீழே வாளியை வைத்துப் பாருங்கள், இரவு முடிவதற்குள் வாளி நிரம்பிவிடும். ஆகவே ஆயிரத்தை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நேயர்களே, இன்றிரவு நீங்களும் வாளியை வையுங்கள். அவர் சொன்னார், நான் சொன்னேன் என்று நம்பாதீர்கள். வாஷரின் விலை என்ன என்பதையும் நாளை காலை கடையில் கேட்டுப் பாருங்கள், டீ விலைகூட ஆகாது.

இதைப் பற்றி எழுதிய பலரும், காமிக்ஸ் நாயகனைப் படைத்தவர் தானே நாயகன் ஆகிவிட்டார் என்று எழுதினார்கள். எனக்கு இந்த வாக்கியம் பிடிக்கவில்லை. நாயகன் என்று சொல்லிவிட்டால் மாலை போட்டுவிட்டுப் போய்விடலாம், நம் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். பகதூரே ஊர்க்காரர்கள் இல்லாமல் எதுவும் செய்ததில்லை. அவனை எழுதியவரை மட்டும் ஏன் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தானாம். குழாயிலேயே நின்றுவிட்டேன். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

தர்மயுக் என்ற இந்தி வார இதழில் டப்பூஜி என்ற கேலிச்சித்திரத் தொடரைப் பல ஆண்டுகள் நடத்தியவரும் இதே ஆபித் சுர்த்திதான். டப்பூஜி என்ற அந்தக் குள்ள மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். குஜராத்தியிலும் இந்தியிலும் நாவல்கள், சிறுகதைகள், நாடகங்கள், குழந்தைகளுக்கான புத்தகங்கள் என்று எழுதினார். 1993இல் சிறுகதைத் தொகுப்புக்காகத் தேசிய விருது பெற்றார். ஓவியக் கண்காட்சிகளும் நடத்தியிருக்கிறார். பகதூர் கதைகளைப் பிற்காலத்தில் ஜக்ஜித் உப்பல் எழுதினார். அவர் எழுதியவையும் விறுவிறுப்பானவைதான், ஆனால் முதல் கதையில் இருந்த அந்த மனப்போராட்டம் எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை. இந்திரஜால் 1990இல் நின்றுபோனது. தொலைக்காட்சி காரணம், விலை காரணம் என்று பல சொல்வார்கள், விவாதிக்க நேரமில்லை.

பழைய பிரதிகள் வேண்டுமானால் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளிலும் ஃப்ளோரா ஃபவுன்டன் பக்கமும் விசாரியுங்கள். அட்டை இல்லாததை வாங்கத் தயங்காதீர்கள், கதை உள்ளேதான் இருக்கிறது. ஆனால் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாங்கியவுடன், எழுதியவர் பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்துவிடுங்கள்.

நண்பர் இப்போது ஒரு விரலையும் மடக்கிவிட்டார். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.