வாட்ஸ்அப் பயனர் ஒருவரின் விலை 3 டாலர் 40 சென்ட்! ஃபேஸ்புக்கின் கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு பயணம்

வணக்கம் நண்பர்களே! 2014-ல் உங்கள் போனில் வாட்ஸ்அப் இருந்ததா? இருந்தது என்றால், அந்த ஆண்டு அக்டோபரில் உங்களுக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 3 டாலர் 40 சென்ட். இது யாரோ பேச்சுவாக்கில் சொன்ன தொகை கிடையாது. ஃபேஸ்புக் தன் ஆண்டறிக்கையில் காட்டிய ஒரு எண்ணை, அப்போதைய பயனர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. அந்த எண் எங்கிருந்து வந்தது, அப்புறம் அதற்கு என்ன ஆனது என்பதுதான் இன்றைய வீடியோ. கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் அந்த எண்ணின் முடிவு அதன் பிறப்பைவிட வேடிக்கையானது.

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். 2014 பிப்ரவரி 19 அன்று வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. வாட்ஸ்அப்பில் அப்போது வேலை பார்த்தவர்கள் 55 பேர். முந்தைய ஆண்டு வருமானம் 1.02 கோடி டாலர், நஷ்டம் 13.8 கோடி டாலர். விலையில் பெரும்பகுதி ஃபேஸ்புக் பங்குகளாகத் தரப்பட்டதால், பங்கு விலை ஏற ஏற இந்த விலையும் ஏறியது. அக்டோபரில் கைமாறியபோது மொத்த மதிப்பு 2,180 கோடி டாலரைத் தொட்டுவிட்டது.

[திரையில்: 2,180 கோடி → 1,720 கோடி]

சரி, இப்போது முதல் ஆச்சரியம். ஃபேஸ்புக்கின் புத்தகத்தில் ‘வாங்கிய விலை’ என்று ஏறியது சுமார் 1,720 கோடி மட்டும்தான். மீதி எங்கே போனது? சம்பளக் கணக்குக்கு. ‘இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்த்தால்தான் இந்தப் பங்கு உனக்கு’ என்று நிபந்தனை போட்டுக் கொடுப்பதைக் கணக்கியல் விதி கம்பெனியின் விலையாக ஏற்காது. அந்த மனிதரின் வருங்கால உழைப்புக்கான கூலியாகத்தான் பார்க்கும். அதனால் அது அடுத்தடுத்த ஆண்டுகளில் செலவாக எழுதப்பட்டு லாபத்தைக் குறைக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. செய்தித் தலைப்பில் வரும் தொகையும் புத்தகத்தில் ஏறும் தொகையும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று யாராவது கேட்டால், முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்து, அந்த 1,720 கோடியைப் பிரிக்க வேண்டும். ‘ஒரு கம்பெனி வாங்கினோம், 1,720 கோடி’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. வாங்கியவர் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, வாங்கிய தேதியில் அதன் நியாய மதிப்பு, அதாவது அன்று விற்றால் கிடைக்கும் விலை, என்ன என்று போட வேண்டும். முதலில் போட்ட மதிப்பைச் சரிசெய்ய அதிகபட்சம் ஒரு வருஷம் அவகாசம் உண்டு. தொழிற்சாலை வாங்கினால் நிலம், கட்டடம், இயந்திரம் என்று கண்ணுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் கண்ணுக்குத் தெரிவது ரொம்பக் கொஞ்சம். அதனால் பட்டியல் முழுக்கப் புலனாகாச் சொத்துகள், அதாவது தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகள்தான்: தொழில்நுட்பம் 28.8 கோடி, வாட்ஸ்அப் என்ற பெயர் 44.8 கோடி, பயனர்கள் 202.6 கோடி.

இங்கே வீடியோவை நிறுத்தி அந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். கோடிக்கணக்கான செய்திகளை அசராமல் கொண்டுபோன அந்த மென்பொருள் முழுவதற்கும் 28.8 கோடி. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு அதைப்போல ஏழு மடங்கு! மென்பொருளை இன்னொரு குழு உட்கார்ந்து எழுதிவிடலாம். 60 கோடிப் பேரை ஒரே இடத்தில் கூட்டுவது லேசில் நடக்காது. எண்களே அதைச் சொல்கின்றன.

ஆட்களுக்கு எப்படி விலை போடுவார்கள்? இந்த மாதிரிச் சொத்துகளுக்குப் பொதுவாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். இவர்கள் எத்தனை காலம் நம்மோடு இருப்பார்கள்? இவர்களால் வருஷத்துக்கு எவ்வளவு வரும்? நாளை வரப்போகும் பணத்துக்கு இன்றைய மதிப்பு என்ன? மூன்றுமே மதிப்பீடுகள்தான். மதிப்பீட்டாளர் ஒரு சதவீதத்தை அப்படி இப்படி நகர்த்தினாலே கோடிகள் நகரும். தணிக்கையாளர்கள் அதிக நேரம் மல்லுக்கட்டுவதும் இந்த இடத்தில்தான்.

202.6 கோடி டாலரை 60 கோடிப் பயனர்களால் வகுத்தால் நம் 3 டாலர் 40 சென்ட் வந்துவிடும். அந்தப் பயனர்களுக்கு ஃபேஸ்புக் கொடுத்த ஆயுள் 7 ஆண்டுகள். அதாவது வருஷத்துக்கு சுமார் 29 கோடி டாலர் வீதம் அந்தச் சொத்தைப் போக்கெழுதிக்கொண்டே, அதாவது செலவாக எழுதி மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். 2021 கடைசியில் பூஜ்ஜியம்.

ஆனால் நிஜத்தில் நடந்தது என்ன? 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் பயனர்கள் 200 கோடியைத் தாண்டினார்கள். ஆட்கள் மூன்று மடங்குக்கு மேல் பெருகிக்கொண்டிருந்தபோது, புத்தகத்தில் ‘பயனர்கள்’ என்ற சொத்து கரைந்துகொண்டே போனது. காரணம், வெளியிலிருந்து வாங்கியதற்குத்தான் புத்தகத்தில் இடம். தானாகச் சேர்த்ததற்கு இல்லை. விற்பனைக்கு முன் வாட்ஸ்அப்பின் சொந்தப் புத்தகத்தில் அந்த 60 கோடிப் பேருக்கும் மதிப்பு பூஜ்ஜியம். ஃபேஸ்புக் வாங்கிய அன்று 202.6 கோடி. மறுநாள் புதிதாகச் சேர்ந்தவருக்கு மறுபடியும் பூஜ்ஜியம். அம்மாவுக்கு 3 டாலர் 40 சென்ட், ஒரு மாதம் கழித்துச் சேர்ந்த அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை! உங்கள் வீட்டில் யார் யார் அந்த அக்டோபருக்கு முன்பே சேர்ந்தவர்கள் என்று கமென்டில் போடுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

[திரையில்: நற்பெயர் – 1,530 கோடி]

இப்போது பெரிய மீன். பெயர் வைக்க முடிந்த எல்லாவற்றையும் கூட்டி, பொறுப்புகளைக் கழித்த பிறகும் மிஞ்சியது சுமார் 1,530 கோடி. அதுதான் நற்பெயர், அதாவது குட்வில். கொடுத்த விலையில் பத்தில் ஒன்பது பங்கு! இதை யாரும் தனியாக அளக்கவில்லை. கழித்துப் பார்த்து வந்த மீதி, அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி வரிக் கணக்கால் ஏறியது: ஒத்திவைக்கப்பட்ட வரி, அதாவது பின்னால் கட்ட வேண்டிய வரி, என்று சுமார் 90 கோடியைப் பொறுப்பாகக் காட்டியதால், நற்பெயரும் அதே அளவு வீங்கியது.

அமெரிக்காவில் 2001-க்கு முன் நற்பெயரை அதிகபட்சம் 40 ஆண்டுகளில் போக்கெழுத வேண்டும். அந்த ஆண்டு விதி மாறியது. இப்போது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் அதை அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது ‘இன்னும் அந்த மதிப்பு இருக்கிறதா?’ என்று சோதிக்கின்றன. இல்லையென்றால் ஒரே அடியாக மதிப்பிழப்பு, அதாவது போன மதிப்பை அப்போதே நஷ்டமாக எழுதிவிடுவது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் வாங்கி, 2015 ஜூலையில் சுமார் 750 கோடி டாலரை அப்படி எழுதித் தள்ளியது. ஜூனில் முடிந்த காலாண்டில் 320 கோடி டாலர் நஷ்டம். அன்றைக்குப் பணப்பெட்டியிலிருந்து ஒரு டாலர்கூட வெளியே போகவில்லை. பணம் போனது வாங்கிய அன்றே. அமெரிக்க ஊடக நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னர் 2002-ல் காட்டிய 9,870 கோடி டாலர் நஷ்டத்திலும் பெரும்பங்கு இதேதான்.

எனக்கு உறுத்துவது அந்தச் சோதனை நடக்கும் விதம். வாங்கிய கம்பெனியைத் தனியாகச் சோதிப்பதில்லை, அது கலந்துபோன பெரிய பிரிவைத்தான் சோதிக்கிறார்கள். ஃபேஸ்புக் அப்போது மொத்தக் கம்பெனியையும் ஒரே பிரிவாக வைத்திருந்தது. விளம்பரத் தொழில் அமோகமாக ஓடும்வரை, வாட்ஸ்அப்புக்குக் கொடுத்த விலை அதிகமா குறைவா என்று அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கவே போவதில்லை.

அதனால்தான் நான் தேய்மானத்தின் பக்கம், அதாவது நற்பெயரை வருஷா வருஷம் போக்கெழுதும் பழைய வழியின் பக்கம். ஜப்பானின் உள்நாட்டு விதிப்படி நற்பெயரை 20 ஆண்டுகளுக்குள் போக்கெழுத வேண்டும். வருஷா வருஷம் கொஞ்சம் வலித்தாலும் அதில் நேர்மை இருக்கிறது. அமெரிக்க விதிமுறை வாரியமும் அந்த வழிக்குத் திரும்பலாமா என்று சில ஆண்டுகள் யோசித்துவிட்டு, 2022 ஜூனில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ‘எத்தனை ஆண்டு என்று யார் முடிவு செய்வது?’ என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. பயனர்களுக்கு 7 ஆண்டு என்று முடிவு செய்ய முடிந்தவர்களுக்கு இது மட்டும் முடியாதா? ஒத்துக்கொள்ளாத ஆடிட்டர் நண்பர்கள் கீழே வந்து வாதாடுங்கள். நல்ல வாதங்களை அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசுகிறேன்.