மனாகுவாவில் ஒரு நாள்

நண்பர்களே, மத்திய அமெரிக்க நாடான நிகாரகுவாவுக்குப் போகிறேன் என்றதும், அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். "தலைநகரம் மனாகுவாவில் ஒன்றுமே இல்லை. விமான நிலையத்திலிருந்து நேராகக் கிரனாடாவுக்குப் போய்விடு, வழியில் மசாயா எரிமலையைப் பார்த்துக்கொள்." 2019இல் போனேன். முதல் நாள், அவர்கள் சொன்னது சரிதான் என்று பட்டது. ஊரின் நடுவில் போய் நின்றால் ஊரையே காணோம். ஏரிக்கரைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பேராலயம், சில அரசுக் கட்டடங்கள், அப்புறம் புல் முளைத்த காலி மனைகள். தலைக்கு மேல் கொளுத்தும் வெயில்.

அந்தப் பேராலயத்தின் வாசலில்தான் என் எண்ணம் மாறியது. 1972 டிசம்பர் 23, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் வந்த நிலநடுக்கத்தோடு அதன் கடிகாரம் நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். வந்த நிவாரணத்தை, நாட்டை ஆட்டிவைத்த சர்வாதிகாரி சோமோசாவின் ஆட்கள் சுருட்டிக்கொண்டார்கள். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1979இல் அந்த ஆட்சியைக் கவிழ்த்தது. ஊருக்கு அடியிலேயே நிலப்பிளவுகள் ஓடுவதால், பழைய மையத்தில் பெரும்பகுதியை மறுபடி கட்டவே இல்லை. நாம் 'ஒன்றுமே இல்லை' என்று சொல்லும் அந்தக் காலியிடம், ஒரு ஊர் இருந்த இடம்.

அங்கே முகவரி சொல்வதைக் கேட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். தெருப்பெயர், கதவு எண் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. "இன்ன இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு, அப்புறம் மேலே ஒரு தெரு" என்பார்கள். ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு. அந்த 'இன்ன இடம்' இடிந்து பல வருடம் ஆகியிருக்கும். அதனால், "அது இருந்த இடத்திலிருந்து" என்றே வழி சொல்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் மசாயா. தலைநகரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், எரிமலை வாயான பள்ளத்தின் விளிம்புவரை காரிலேயே போகலாம். திடீரென்று கிளம்ப வேண்டிவந்தால் என்ன செய்வது என்று, வண்டியை வெளியே பார்த்தபடி நிறுத்தச் சொல்கிறார்கள். கந்தகப் புகை காரணமாகக் கொஞ்ச நேரம்தான் நிற்க விடுவார்கள். கீழே லாவா, கடல் அலைபோல் புரண்டுகொண்டிருந்தது. ஸ்பானியர்கள் இதை நரகத்தின் வாய் என்று நினைத்துச் சிலுவை நட்டார்கள். 1538இல் ஒரு பாதிரியார், உள்ளே கொதிப்பது உருகிய தங்கம் என்று நம்பிப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கினார். இத்தனை புகைக்கு நடுவிலும் பள்ளத்துச் சுவரில் பச்சைக்கிளிகள் கூடு கட்டியிருக்கின்றன. பூமியின் மேலோட்டுத் தட்டுகளில் ஒன்றான கோகோஸ் தட்டு, கரீபியத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டே போவதால்தான் இங்கே எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. மனாகுவாவின் மண் ஆடுவதற்கும் மூலம் அதுவே.

2024 மார்ச்சில் பள்ளத்துச் சுவர் சரிந்து லாவா ஏரி மூடிக்கொண்டது, பூங்காவையும் அடைத்தார்கள். அதனால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தாலும் மனாகுவாவில் ஒரு நாள் தங்குங்கள். அகவாலிங்கா என்ற பகுதியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடத்துக்குக் கல் வெட்டியவர்கள் 1874இல் கண்ட காலடித் தடங்கள் அங்கே உள்ளன. ஏறக்குறைய 2,100 வருடங்களுக்கு முன்பு, எரிமலைச் சாம்பல் கலந்த ஈரச் சேற்றில், பெரியவர்களும் குழந்தைகளுமாகச் சிலர் ஏரியை நோக்கி நடந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு விரலும் தெரிகிறது.