பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சீனி இல்லாத பிஸ்கட்தானே சாப்பிட்டேன், பிறகு ரத்தத்தில் சீனி எப்படி ஏறியது?"

நியாயமான கேள்வி. அந்தப் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். 'ராமுவான்' (சேர்மானங்கள்) என்ற இடத்தில் முதலில் இருப்பது கோதுமை மாவு. எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. மாவும் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். அடுத்து மால்டிடோல் என்ற மாற்று இனிப்பு இருக்கலாம். அது சீனியைவிட மெதுவாக ஏற்றும், ஆனால் ஏற்றும். கிராமுக்கு 2 கலோரி அளவில் சக்தியும் உண்டு. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் இருக்கும். அது நாக்குக்கு இனிக்காது, ரத்தத்திலோ விறுவிறுவென ஏறிவிடும். அதனால் 'ஜும்லா கூலா' (மொத்தச் சீனி) வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மேலே 'கார்போஹிட்ராட்' (மாவுச்சத்து, சீனி எல்லாம் சேர்ந்தது) என்ற வரி இருக்கிறதே, நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பசியாறும் நேரத்துக்கு வருவோம். காப்பித்தூள், சீனி, பால்மாவு கலந்த த்ரீ இன் ஒன் பொட்டலம் ஒன்றில் ஜும்லா கூலா 16 கிராம் என்றிருந்தால், ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம் என்ற கணக்கில், அந்தக் கோப்பையில் நாலு கரண்டி சீனி. நீங்கள் ஒரு கரண்டிகூடப் போடவில்லை! கெட்டியான டின் பாலும் அப்படித்தான், அதில் பாதிக்கு மேல் சீனி. மாமாக் கடையில் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொன்னாலும் தே தாரிக் என்ற இழுத்த தேநீரில் அந்தப் பால் விழத்தான் செய்யும். தேன், பனைவெல்லம், கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் எல்லாமே சீனிக் கணக்கில்தான் சேரும்.

2019 ஜூலையிலிருந்து, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு நம் மலேசியாவில் வரி உண்டு. தொடக்கத்தில் லிட்டருக்கு 40 சென், 2025-இல் 90 சென். வரம்புக்குள் வருவதற்காகச் சீனியைக் குறைத்து, சுக்ராலோஸோ ஸ்டீவியாவோ மாற்று இனிப்பாகச் சேர்த்த பானங்களும் கடையில் இருக்கின்றன. சுக்ராலோஸ் சீனியைவிட 600 மடங்கு இனிப்பு என்பதால் துளி போதும்.

சீனி இல்லாத சோடாவில் சேர்க்கும் இன்னொரு மாற்று இனிப்பான அஸ்பார்டேம் புற்றுநோய் தருமா என்று பயப்படுகிறீர்கள். 2023-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. சான்று வலுவாக இல்லை என்பதும் அதன் பொருள். அதே நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை உணவு நிபுணர் குழு மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, அந்தச் சோடாவை ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையுள்ளவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது.

உடல் எடையைக் குறைக்க மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்பதும் 2023-இல் அந்த நிறுவனம் சொன்னதுதான். இனிப்புநீர் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் இன்றைக்கு இரண்டு கேன் சோடா குடிப்பவர்களாக இருந்தால், சீனி இல்லாத சோடாவுக்கு மாறுவதை நான் வரவேற்பேன். பிள்ளைகளுக்கு அதையும் வாங்கித் தராதீர்கள், தண்ணீர் கொடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இன்சுலின் போடுபவருக்குத் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, ரத்தத்தில் சீனி இறங்கினால், சீனி இல்லாத பானம் கொடுத்துப் பயனில்லை. அப்போது உண்மையான சீனிதான் வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.