சதுரம் வேண்டுமா? சதுரமாக வெட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிளாஸ்டிக் டையைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது என்று ஆரம்பித்தால் என் வீட்டிலேயே எழுந்து போய்விடுவார்கள், அதனால் ரிப்பன் பக்கோடாவிலிருந்து தொடங்குகிறேன். அச்சில் அந்த நீளக் கீற்று ஒரு ஓரத்தில் கொஞ்சம் அகன்றிருந்தால், மாவு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வரும், ரிப்பன் மறுபக்கம் வளையும். ஜன்னல் சட்டம், சுவரில் வயர் போகிற கேசிங் பட்டை எல்லாம் இப்படிப் பிழிவதுதான். மாவுக்குப் பதில் 190 டிகிரி சுமாருக்கு உருகிய பிவிசி, முறுக்கு உழக்குக்குப் பதில் எக்ஸ்ட்ரூடர், அச்சுக்குப் பதில் டை.

அந்த ‘கொஞ்சம்’தான் ஆளைக் கொல்லும். சந்தின் இடைவெளி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் தேன் போன்ற திரவமே 8 மடங்கு பாயும். உருகிய பிளாஸ்டிக் தள்ளத் தள்ள இளகுகிற சாதி, 8-ஐயும் தாண்டிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ‘ப’ வடிவப் பட்டை, ஒரு கால் தடிப்பு, ஒரு கால் மெல்லிசு. முதல் டிரையலில் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. மாஸ்டர் டையைக் கழற்றி, ஆறவிட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து, மெல்லிய பக்கத்தை அரத்தால் ராவினார். மாட்டி, சூடேற்றி, ஓட்டினால் இன்னும் வளைவு. மறுபடி ராவல். ஐந்தாம் தடவை பட்டை எதிர்ப்பக்கம் வளைந்தது! ராவிய இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? அத்தனை நாள் உழைப்பும் பழைய இரும்புக் கடைக்குப் போனது. மாஸ்டர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

டையை வெட்டும் முன் கம்ப்யூட்டர் மென்பொருள் செய்வது அதே ராவல்தான், இரும்பு இல்லாமல். டைக்குள் பிளாஸ்டிக் போகிற பாதையை லட்சக்கணக்கான துணுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகம், அழுத்தம், சூடு என்ன என்று கணக்குப் போடும். எந்த மூலையில் பிவிசி தேங்கிக் கருகும் என்பதுகூடத் தெரியும். இருபது தடவை தப்பாக ராவலாம், ஒரு கிராம் இரும்பு தேயாது. திரும்பச் சொல்கிறேன், ஒரு கிராம்கூட.

இன்னொரு வேடிக்கை. டையை விட்டு வெளியே வந்ததும் பிளாஸ்டிக் உப்பும், கசக்கிய ஸ்பாஞ்சை விட்ட மாதிரி. பக்கங்களின் நடுவில் அதிகம், மூலைகளில் குறைவு. அதனால் சதுரக் கம்பி வேண்டுமென்றால் டையில் நாலு பக்கமும் உள்வாங்கி, நட்சத்திரத்துக்குச் சித்தப்பா மாதிரி ஒரு ஓட்டை வெட்ட வேண்டும். எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டுச் சொல்வதும் இந்த மென்பொருள்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். குளிரூட்டுவது பற்றிச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. இது மட்டும்: கணக்கு, டையின் உள்சுவரைத் தொடும் பிளாஸ்டிக் நகராமல் ஒட்டி நிற்பதாக வழக்கமாக எடுத்துக்கொள்ளும். பிவிசி வழுக்கும். அதை மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால், அரம் மறுபடி கைக்கு வந்துவிடும். வணக்கம்.