குரோனா யாருடைய பணம்?

அவையோருக்கு வணக்கம். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்குத் தனி மத்திய வங்கி உண்டு, தனி வட்டி விகிதம் உண்டு, குரோனா என்ற தனிப் பணமும் உண்டு. நம் ஊரில் ஒரு நடுத்தர மாநகராட்சியின் மக்கள்தொகைதான் இது. இவ்வளவு சிறிய சமூகம் சொந்தப் பணம் வைத்துக்கொள்ள என்ன விலை கொடுக்கிறது, அதைக் கொடுப்பது யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1920 வரை ஐஸ்லாந்து குரோனாவும் டென்மார்க்கின் குரோனும் சரிசமம். இன்று ஒரு டேனிஷ் குரோன் வாங்க ஏறத்தாழ 20 குரோனா வேண்டும். அதோடு கணக்கு முடியவில்லை. 1981 ஜனவரி 1 அன்று இரண்டு சுழியை வெட்டி, பழைய 100 குரோனாவைப் புதிய 1 குரோனா ஆக்கினார்கள். ஆகப் பழைய கணக்கில் அது 2,000 குரோனா. அதே நூறாண்டில் அண்டை நாட்டுப் பணத்தோடு ஒப்பிட்டால் மிஞ்சியது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

இந்தச் சரிவின் வேர் மீன்பிடிப்பில் இருக்கிறது. நீண்ட காலம் மீன்தான் முக்கிய ஏற்றுமதியாக இருந்தது. வரத்து குறைந்தாலோ விலை விழுந்தாலோ, படகு முதலாளிகளைக் காக்க அரசு குரோனாவின் மதிப்பைக் குறைத்துவந்தது. ஹெர்ரிங் மீன் வற்றிப்போனபோது 1967, 1968 என்று அடுத்தடுத்த நவம்பர்களில் மதிப்பைக் குறைத்தார்கள். ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் குரோனா கிடைத்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியது. தொழிற்சங்கம் கூலி உயர்வு கேட்டது. கூலி ஏற, மறுபடியும் மதிப்புக் குறைப்பு. 1983இல் பணவீக்கம் 80 விழுக்காட்டைத் தாண்டியது. மதிப்புக் குறைப்பு என்பது கூலிக் குறைப்புதான். எந்தச் சம்பளச் சீட்டிலும் அது எழுதப்படுவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

சேமிப்பு கரைந்துபோவதைத் தடுக்க 1979இல் ஒரு சட்டம் வந்தது. கடனின் அசலையே விலைவாசிக் குறியீட்டோடு பிணைத்தார்கள். ஐஸ்லாந்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று போதும் என்பேன். ஒருவர் வீடு வாங்க 2 கோடி குரோனா, 40 ஆண்டுத் தவணை, 5 விழுக்காடு வட்டி என்று கடன் வாங்குகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 96,400. அந்த ஆண்டு விலைவாசி 18 விழுக்காடு ஏறுகிறது என்று வையுங்கள். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், ஆண்டு முடிவில் அவர் பாக்கி ஏறத்தாழ 2 கோடியே 34 லட்சம். தவணையோ 1,13,800. நீண்ட காலக் கடனில் முதல் வருடங்களின் தவணை பெரும்பாலும் வட்டிக்கே போய்விடுவதால், அசலில் கழிவதைவிடக் குறியீடு ஏற்றிவிடுவது பல மடங்கு. 18 விழுக்காடு என்பது கற்பனையும் இல்லை: 2009 ஜனவரியில் பணவீக்கம் 18.6 விழுக்காடு.

அதற்குக் காரணம் 2008இன் வங்கிச் சரிவு. 2001 மார்ச்சில் குரோனாவின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்கவிட்டு, பணவீக்க இலக்கு 2.5 விழுக்காடு என்று வைத்தார்கள். இலக்கை எட்ட வட்டியை ஏற்றினார்கள். 2008 வாக்கில் அது 15.5 விழுக்காடு. உயர்ந்த வட்டியைத் தேடி வெளிநாட்டுப் பணம் கொட்டியது, குரோனா வலுத்தது, மக்கள் குறைந்த வட்டிக்கு யென்னிலும் சுவிஸ் ஃபிராங்கிலும் பிணைத்த கடன்களை வாங்கினார்கள். பெரிய நாட்டில் வட்டியை ஏற்றினால் செலவு அடங்கும். சிறிய நாட்டில் அதே வட்டி வெளிப்பணத்தை இழுத்துவந்து செலவைத் தூண்டிவிடும்.

2008 அக்டோபர் தொடக்கத்தில் சில நாள்களுக்குள் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, காப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளும் சாய்ந்தன. அக்டோபர் 7 அன்று மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 131 குரோனா என்று அறிவித்தது. விற்க அந்நியச் செலாவணி இல்லாததால் மறுநாளே கைவிட்டது. குரோனா சரிந்தது. நவம்பரில் பன்னாட்டு நாணய நிதியம் 210 கோடி டாலர் கடன் தந்தது. பணம் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்க மூலதனக் கட்டுப்பாடு வந்தது. வெளிநாடு போகிறவர் பயணச்சீட்டைக் காட்டித்தான், அதுவும் வரம்புக்குள், செலாவணி வாங்க முடிந்தது. 2017 மார்ச் வரை இதன் பெரும்பகுதி நீடித்தது.

குரோனாவுக்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. மலிந்த குரோனா ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தியது. 2010இல் ஐந்து லட்சம் அளவில் இருந்த சுற்றுலாப் பயணிகள் 2017இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். மலிவு மட்டுமே காரணமில்லைதான், ஆனாலும் உதவியது. யூரோவுக்குள் மாட்டிக்கொண்ட கிரேக்கத்துக்கு இந்த வழி இருக்கவில்லை.

இனி எதிர்காலம். 2024 டிசம்பரில் பதவியேற்ற அரசு, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சைத் தொடரலாமா என்று 2027க்குள் பொது வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லியிருக்கிறது. மக்கள் ஆம் என்றாலும் உடனே யூரோ வந்துவிடாது. முதலில் உறுப்பினராக வேண்டும். பிறகு யூரோவோடு பிணைந்த மாற்று விகிதத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு. அரசின் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள். பணவீக்கமும் நீண்ட கால வட்டியும் விதித்த எல்லைக்குள். பல்கேரியா 2020 ஜூலையில் அந்த ஏற்பாட்டில் நுழைந்து 2026 ஜனவரியில்தான் யூரோவுக்கு மாறியது. உறுப்பினர் ஆகாமலே மான்டினீக்ரோ போல யூரோவைத் தானாக எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். வங்கிகள் தடுமாறும் நாளில் யூரோ தந்து கைகொடுக்க எவரும் இருக்கமாட்டார்கள். டென்மார்க்கைப் போல யூரோவோடு பிணைப்பதென்றால், பின்னால் ஐரோப்பிய மத்திய வங்கியின் உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாத பிணைப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை 2008 அக்டோபர் காட்டிவிட்டது.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் பல ஏற்கெனவே டாலரிலும் யூரோவிலும் கணக்கு எழுதுகின்றன. சட்டம் அனுமதிக்கிறது. குரோனாவில் சம்பளம் வாங்கி, குரோனாவில் கடன் கட்டுகிறவர்கள் சாதாரண மக்கள். ஆகவே வாக்கெடுப்புக்கு முன் அரசு அவர்களிடம் தெளிவாகச் சொல்லவேண்டியது, எந்த விகிதத்தில் மாற்றுவார்கள் என்பதை மட்டுமல்ல. 40 ஆண்டுக் கடனில் இன்னும் 30 ஆண்டு பாக்கி இருப்பவருக்கு, கடன் யூரோவாக மாறிய பிறகும் குறியீட்டு விதி தொடருமா? தொடராது என்றால், அந்தக் கடன்களை நம்பி ஓய்வூதியம் கணக்கிட்டிருக்கும் நிதிகளுக்கு ஏற்படும் இழப்பை யார் ஏற்பது?