சாவி பிறக்கும் நேரம்

வணக்கம் நேயர்களே. உங்கள் கைப்பேசி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, வந்திறங்கிய கோப்பை உடனே நம்பிவிடாது. அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தை முதலில் சரிபார்க்கும். பொருந்தினால் உள்ளே விடும், இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடும். கையொப்பம் போட ஒரு சாவி, சரிபார்க்க இன்னொரு சாவி. போடுகிற தனிச்சாவியை உரியவர் தவிர யாரும் பார்க்கக்கூடாது. சரிபார்க்கிற பொதுச்சாவியை ஊருக்கே கொடுக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பிறக்கும் இரட்டையர்கள். அந்தப் பிறப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மென்பொருள் எழுதுகிற நாங்கள் எந்த முறை, எத்தனை பிட் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். சாவியை உருவாக்கும் கட்டளையை மட்டும் ஒரே வரியில் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பாதுகாப்பு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்டுபிடித்த, கையொப்பம் போடப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையை எடுத்துக்கொள்வோம். 2048 பிட் சாவி வேண்டுமென்றால் 1024 பிட் கொண்ட பகா எண்கள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்கு மேல் நீளும். இதற்காகக் கணினி எந்தப் பட்டியலையும் புரட்டுவதில்லை. குருட்டாம்போக்கில் ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, பகா எண்தானா என்று மில்லர்-ராபின் சோதனையில் போட்டுப் பார்க்கும். இல்லையா, அடுத்தது. அந்த அளவு எண்களில், சராசரியாக 355 ஒற்றைப்படை எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்பதால் தேடல் சீக்கிரம் முடிந்துவிடும். கிடைத்த இரண்டையும் பெருக்கினால் வரும் எண் பொதுச்சாவிக்குள் போகிறது. தனிச்சாவியைத் திருட, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பகா எண்களையும் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும்; சரியாக உருவாக்கிய 2048 பிட் சாவியில் இதை இன்றுவரை யாரும் செய்துகாட்டியதில்லை.

சரி, குருட்டாம்போக்கில் என்று சொன்னேன் அல்லவா? சிக்கலே அங்கேதான். கணினி சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். யாரும் ஊகிக்க முடியாத எண் வேண்டுமென்றால் வெளியுலகத்தின் ஒழுங்கின்மையை அது கடன் வாங்கியாக வேண்டும். விசைப்பலகையில் விரல் படும் இடைவெளி, வலைப்பின்னலில் தகவல் வந்து சேரும் நேரம், செயலியின் மின்னிரைச்சல் என்று பலவற்றையும் இயங்குதளம் சேர்த்துவைக்கிறது. அந்தச் சேமிப்பு காலியாக இருக்கும்போது சாவி கேட்டால் என்ன ஆகும்?

சின்ன எண்களில் பாருங்கள். இரண்டு கருவிகள். ஒழுங்கின்மை போதாமல் இரண்டும் ஒரே பகா எண்ணை எடுத்துவிட்டன. ஒன்றின் பொதுச்சாவி 77, இன்னொன்றுடையது 91. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடியுங்கள்: 7. அப்புறம் வகுத்தால் 11, 13. இரண்டு சாவிகளும் உடைந்துவிட்டன. 600 இலக்கத்தைத் தாண்டும் பொதுச்சாவிகளிலும் இதே கணக்குதான், கணினிக்கு நொடிகூட ஆகாது. 2012-ல் ஆய்வாளர்கள் இணையத்திலிருந்த பொதுச்சாவிகளைத் திரட்டி இப்படியே வகுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பான இணைப்பு தரும் இயந்திரங்களில் சுமார் 200-க்கு ஒன்றின் தனிச்சாவி வெளியே வந்துவிட்டது. பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகள். முதன்முறை மின்சாரம் கொடுத்தவுடனே, போதிய ஒழுங்கின்மை சேர்வதற்குள் சாவி உருவாக்கியவை.

டெபியன் இயங்குதளத்தில் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. 2006-ல், சாவிகளை உருவாக்கித் தரும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு சோதனைக் கருவி குறைசொன்ன வரிகளை நல்லெண்ணத்தோடு நீக்கினார்கள். ஒழுங்கின்மையைக் கலக்கிற வரியும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது, ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் கொடுக்கும் செயல்முறை எண் மட்டும். அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். ஒரே வகை இயந்திரத்தில், ஒரே நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே அவ்வளவுதான். 2008 மே மாதம் வெளியில் தெரியும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? பலவீனமான சாவியும் பலமான சாவியும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒரே மாதிரி வேலை செய்யும்.

நானும் ஒருமுறை, சாவி ஏற்கெனவே உருவாகியிருந்த கணினியை அப்படியே நகலெடுத்துப் பல சேவையகங்களாக ஓடவிட்டேன். அத்தனையிலும் ஒரே தனிச்சாவி. சக ஊழியர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன அன்று இரவு உட்கார்ந்து எல்லாச் சாவிகளையும் மாற்றினோம். அன்றிலிருந்து, சாவி எங்கே பயன்படுமோ அங்கேயே பிறக்கட்டும் என்று பார்த்துக்கொள்கிறேன். மென்பொருள் வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் சாவி என்றால், தனிச்சாவியை வெளியே விடாத வன்பொருளுக்குள் உருவாக்குவதுதான் நல்லது. தற்செயல் எண்ணுக்கு இயங்குதளத்தையே கேளுங்கள். விளையாட்டு நிரலுக்கான சாதாரண ராண்டம் செயல்கூற்றை இங்கே தொடவே வேண்டாம்.

ஆர்எஸ்ஏ தவிர, வளைகோட்டின் கணிதத்தில் இயங்கும் நீள்வட்ட வளைவு முறைகளும் உண்டு. அவற்றில் தனிச்சாவி கிட்டத்தட்ட ஒரு தற்செயல் எண்ணேதான். அவற்றில் ஒன்றான இசிடிஎஸ்ஏ முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக இன்னொரு எண்ணும் வேண்டும். பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கான கையொப்பங்களில் அந்த எண் மாறவே இல்லை என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டு கையொப்பங்கள், இரண்டு சமன்பாடுகள், தனிச்சாவி கையில். இன்னொரு வளைவு முறையான எட்25519-ல் அந்த எண்ணைச் செய்தியிலிருந்தும் இரகசியத்திலிருந்துமே கணக்கிட்டுக்கொள்வதால் இந்தப் பள்ளம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இந்தப் பழைய முறைகளை உடைக்கக்கூடிய குவாண்டம் கணினிகளை எதிர்பார்த்து 2024-ல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் எம்எல்-டிஎஸ்ஏ என்ற புதிய கையொப்ப முறையைத் தரப்படுத்தியது. பகா எண்ணும் இல்லை, வளைவும் இல்லை. கணிதம் முழுக்க வேறு. ஆனால் அதிலும் சாவி இணையை உருவாக்கும் முதல் படி, 32 பைட் தற்செயல் எண்ணை எடுப்பதுதான்.

நன்றி, வணக்கம்.